பல்ப் செக்சன் மாமன்

மண்ணீரலுக்குள் இரண்டு வகைக் கூழ் இருக்கிறது: சிவப்புக் கூழ், வெள்ளைக் கூழ். கோயம்புத்தூரில் மருத்துவம் படிக்கப் போன முதல் வருடத்தில் இந்தப் பாடம் வந்தபோது, வகுப்பே தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. கூழுக்கு ஆங்கிலத்தில் பல்ப் என்று பெயர்; வெள்ளைப் பல்ப் என்பதை நான் பாவாடை கட்டத் தெரிவதற்கு முன்பிருந்தே கேட்டவள். என் அம்மாவின் தம்பி, எங்கள் மாமன், பவானிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பேப்பர் மில்லில் பல்ப் செக்சனில் வேலை பார்த்தார். "இன்னிக்கு வெள்ளைப் பல்ப்பு ஓடுதுங்க" என்று அவர் சொன்னால் அன்று நோட்டுக் காகிதம் தயாராகிறது என்று அர்த்தம். "பழுப்பு ஓடுது" என்றால் அட்டைப்பெட்டிக்கான முரட்டுக் காகிதம்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அந்த வெள்ளைக் கூழ் வெள்ளையாகவே இல்லை. சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில் அதுதான் எல்லாவற்றையும்விடக் கருநீலமாக இருந்தது. எனக்கு ஏமாற்றம். பிறகு ஒருநாள் எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் சாயமேற்றாத மண்ணீரல் ஒன்றை வெட்டிக் காட்டினார். ஈரல் நிறத்தில், ரவையைத் தூவிவிட்டதுபோல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். ரத்தத்தோடு வரும் கிருமிகளை அடையாளம் கண்டு, அவற்றை எதிர்க்கும் பொருளை உண்டாக்குகிற இடம் அந்தப் பொட்டுகள்தான் என்று சொன்னார். அந்தப் பாடத்தை நான் மறக்கவேயில்லை. மறந்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேனோ என்னவோ.

மாமன் வேலை பார்த்த மில்லுக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். ஆறாவது படிக்கும்போது. கொட்டகையில் பழைய பரீட்சைப் பேப்பர்களும் ஆபீஸ் ஃபைல்களும் மலையாகக் குவிந்திருந்தன. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பின்னைப் பிடுங்கி, கலர் காகிதத்தை ஒதுக்கி, வெள்ளையைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளைக் காகிதமெல்லாம் பெரிய தொட்டியில் விழுந்து, தண்ணீரில் சுழன்று, ஒன்றுமில்லாமல் கரைந்து கூழாகிவிடும். யாரோ விழுந்து விழுந்து எழுதிய பதில்கள் அத்தனையும் தோசை மாவு மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்கு ஆச்சரியம். குளோரின் நெடி கண்ணைக் கரித்தது.

மாமன் ஒரு எனாமல் கிண்ணத்தில் அந்தக் கூழைக் கொஞ்சம் அள்ளி, தண்ணீர் விட்டுக் கலக்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் இன்னும் ஓடவேண்டும். பிறகு ஒரு பிடி எடுத்துப் பிழிந்து, வலதுகைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். "ஆச்சுங்க, உடலாம்" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கம் வால்வைத் திறந்தார்கள். அளந்து பார்க்க மில்லில் ஒரு கருவியும் இருந்தது. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தது மாமனின் விரல்களைத்தான்.

மில்லில் ஓரம் வெட்டி ஒதுக்கிய காகிதத்தை ஆட்கள் எடுத்துக்கொள்ள விடுவார்கள். மாமன் அதை ஒரே அளவாக நறுக்கி, சணலில் தைத்து, எனக்குக் கொண்டுவந்து தருவார். ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரைக்கும் நான் எழுதிப் பார்த்ததெல்லாம் அந்தக் காகிதத்தில்தான். விடுதியில் என் பெட்டியைத் திறந்தால் துணியைவிடக் காகிதம்தான் அதிகம் இருக்கும். வகுப்பில் எல்லோரும் என்னிடம்தான் கேட்டு வாங்குவார்கள்.

அதில்தான் வினை வந்தது. என்னோடு படித்த ஒரு தோழியின் வீடு ஆர்.எஸ்.புரத்தில். அப்பா, அம்மா இரண்டு பேரும் டாக்டர்கள். கீழே கிளினிக், மேலே வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். "உங்க அப்பா என்னம்மா பண்றார்?" என்று அவள் அம்மா கேட்டார். எங்கள் அப்பா பஸ் கண்டக்டர். "டிரான்ஸ்போர்ட்ல இருக்காருங்க ஆன்ட்டி" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அது பொய்யில்லை என்று மனதுக்குள் ஒரு சமாதானம். உடனே தோழி, "இவ கிட்ட எப்பப் பாத்தாலும் கட்டுக் கட்டா பேப்பர் இருக்கும்மா, எங்கிருந்துதான் வருதோ" என்றாள். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்:

"எங்க மாமன் பேப்பர் மில் வெச்சிருக்காரு."

மறுநாளிலிருந்து என் பெயரே போய்விட்டது. எல்லோருக்கும் நான் மில்லுக்காரம்மா. "மில்லுக்காரம்மா, ரெண்டு ஷீட் குடுங்க" என்று பையன்கள் கும்பிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், ரொம்பவே பிடித்திருந்தது.

மூன்றாம் வருடம் எங்களை வார்டுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, ஆண்கள் அறுவை வார்டில் சீஃப் ரவுண்ட்ஸ். யூனிட்டின் பெரிய டாக்டரை நாங்கள் சீஃப் என்றுதான் சொல்வோம். அவர் முன்னால் போக, பின்னால் நாங்கள் பத்துப் பேர் வெள்ளைக் கோட்டோடு போனோம். ரவுண்ட்ஸ் நேரத்தில் நோயாளியின் சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஜன்னலோரத்திலிருந்து மூன்றாவது கட்டிலுக்கு வந்து நின்றோம்.

கட்டிலில் மாமன்.

ஹவுஸ் சர்ஜன் சொல்லச் சொல்லத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. குடோனில் அடுக்கியிருந்த காகிதப் பேல் கட்டு ஒன்று சரிந்து இடது விலாவில் இடித்திருக்கிறது. இவர் எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறார். மறுநாள் இடது தோள்பட்டை வலித்ததும் சுமை தூக்கிய வலி என்று தைலம் தேய்த்திருக்கிறார். மயங்கி விழுந்த பிறகுதான் இங்கே கொண்டுவந்தார்கள். மண்ணீரல் கிழிந்து வயிறெல்லாம் ரத்தம். சனிக்கிழமை ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்தாகிவிட்டது. வீட்டிலிருந்து விடுதிக்குச் சொல்லியனுப்பிய தகவல் எனக்கு வந்து சேரவேயில்லை.

மாமன் என்னைப் பார்த்துவிட்டார். மூக்கில் குழாயோடு, உலர்ந்த உதட்டோடு, முகமெல்லாம் மலர்ந்தது. எத்தனை பேருக்கு நடுவில் இப்படிக் கோட்டுப் போட்டு நிற்கிறது பார் நம்ம வீட்டுப் பிள்ளை என்கிற பெருமை. வாயைத் திறக்கப் போனார். அதற்குள் சீஃப் கேட்டார்.

"என்ன வேலைப்பா உனக்கு?"

"பவானிப் பக்கம் பேப்பர் மில்லுங்க. பல்ப் செக்சனுங்க."

என் பக்கத்தில் நின்ற ஆர்.எஸ்.புரத்துத் தோழி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அவள் மனதில் துளி விஷமமும் கிடையாது. "சார், இவளோட மாமா அந்தப் பக்கம்தான் சார் பேப்பர் மில் வெச்சிருக்கார். அதே மில்லாகூட இருக்கும்."

சீஃப் என் பக்கம் திரும்பினார். "அப்படியா? இவரைத் தெரியுமாம்மா உனக்கு?"

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. நேரமே இல்லாமல் வாய் தவறிவிட்டது என்று இன்று சொல்லித் தப்பிக்க முடியாது. பத்துப் பேரின் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன், மாமனின் முகத்தைத் தவிர. பிறகு சொன்னேன்:

"இல்ல சார்."

பிறகு மாமன் பேசினார். தையல் இழுக்காமல் இருக்க வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

"எங்களையெல்லாம் அவீங்களுக்கு எப்படீங்க தெரியும்? மொதலாளி ஊட்டுப் புள்ளைங்க. நாங்க கூழுல நிக்கற ஆளுங்க."

அவ்வளவுதான். தோழி சொன்ன ஒரு வாக்கியத்திலேயே நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும், என் பொய்க்கு அவர் முட்டுக் கொடுத்தார். எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கே 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். அதனால் அவர் மரியாதையாகப் பேசியதில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து 'கண்ணு' என்று சொல்லாமல் அவர் என்னைப் பற்றிப் பேசியதே கிடையாது.

சீஃப் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆங்கிலத்தில் கேட்டார்: மண்ணீரலை எடுத்துவிட்டால் என்ன இழப்பு? நான் சொன்னேன். வெள்ளைக் கூழ் போய்விடும், சில வகைக் கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும், சாதாரணக் காய்ச்சல் மாதிரி தொடங்கி ஒரே நாளில் ஆளை முடித்துவிடும், அதனால் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். பாடப் புத்தகத்தில் இருந்தது அத்தனையும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. குரலில் நடுக்கமே இல்லை. அந்த நடுக்கமில்லாத குரலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மாமனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் நான் பேசி முடிக்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரி குட்" என்றார் சீஃப். "இதை இவருக்கு நீயே தமிழ்ல நல்லாப் புரியற மாதிரி சொல்லிடும்மா. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி. முக்கியம்."

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு நான் திருடியைப் போல அந்த வார்டுக்குப் போனேன். அத்தை, மாமன் மனைவி, கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அழுதார். "வந்துட்டீங்களா கண்ணு? சொல்லி உட்ட தாக்கல் வந்துச்சா? எங்க அம்மணி இங்க இருக்கற தைரியத்துலதான் நான் இருக்கறேன்." பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் நடந்ததை அவர் கேட்டிருப்பார். மாமன் கூரையைப் பார்த்துக்கொண்டு அத்தையிடம் சொன்னார்:

"அவீங்களுக்குப் படிக்கற வேலை கெடக்கும். போகச் சொல்லு. இங்க நின்னா நாலு பேரு பாப்பாங்க."

நான் போய்விட்டேன். காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்காமல் வேறு எதையும் பேச முடியாது என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கவோ வாய் வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். மாடிப்படி ஏறும்போதே பார்த்துவிட்டேன். வார்டு வாசலில் அம்மாவும் அத்தையும் மஞ்சப்பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பத்தடி தள்ளி என் வகுப்புக் கூட்டம். நான் போனால் அம்மா என் தலையைத் தடவுவாள், உரக்கப் பேசுவாள். அப்படியே திரும்பி லைப்ரரிக்குப் போனேன். ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம், வீட்டு ஆள்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஆம், அந்த நேரத்தில் மட்டும் அவர் எனக்கு வீட்டு ஆளாகிவிட்டார். சாயந்திரம் ஹவுஸ் சர்ஜன் கேட்டார், "அந்த ஸ்ப்ளீன் கேஸுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சார்."

அவர் கேஸ் ஷீட்டில் ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாமன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து, "அந்தச் சொம்பை எடுத்துட்டு வா" என்று கூப்பிட்டதற்கு அவர் அசையவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டிச் சிரித்தார். மூன்று மாதத்துக்குக் கனம் எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். தன் வீட்டுக் காலண்டரிலும் எங்கள் வீட்டுக் காலண்டரிலும் ஒவ்வொரு நாளாகப் பேனாவில் கோடு அடித்துக்கொண்டு வந்தார். இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. "அட, சொம்புத் தண்ணி ஒரு கனமா?" என்று அம்மா கத்தினாள். "டாக்டரு சொன்னா சொன்னதுதானுங்க அக்கா" என்றார்.

கோடு அடித்த அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே நான் நின்றேன். இவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாகும்வரை பிடித்துக்கொள்வார் என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் காய்ச்சல் என்று தொடங்கினால் ஆபரேஷன் வரும், ஆபரேஷன் வந்தால் வார்டு வரும், வார்டு வந்தால் அந்த 'இல்ல சார்' வரும். அம்மா பக்கத்திலேயே இருந்தாள். நான் கரும்பைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கிளம்பும்போது ஒரு காகிதக் கட்டு கொடுத்தார். வழக்கம்போல் நறுக்கித் தைத்தது. "டாக்டரம்மாவுக்கு உதவுமுங்க" என்றார். அம்மாவும் அப்பாவும் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஆடி மாதம், காற்று ஊளையிடுகிற நாளில், காலையில் மாமனுக்குக் குளிர் எடுத்திருக்கிறது. மளிகைக் கடையில் ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். வெள்ளைப் பல்ப் ஓடும் நாள், இவர் கைபார்க்க வேண்டும். மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. கார் பிடித்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தபோது கைகால் விரல்களெல்லாம் நீலம் பாய்ந்திருந்தன. கேஷுவாலிட்டியில், "இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அத்தை வாயெடுக்கும் முன்னால் மாமன் அவர் கையைப் பிடித்து அழுத்தினாராம். நினைவு தப்பிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அவரேதான் பதில் சொன்னாராம்.

"யாருமில்லீங்க."

இதை அத்தைதான் பின்னால் எனக்குச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஏன் அப்படிச் சொன்னார் என்று புரியாமல் என்னிடமே கேட்டார்.

அன்று அதே கட்டடத்தில் இரண்டு மாடி தள்ளி நான் இருந்தேன். மறுநாள் ரவுண்ட்ஸில்தான் தெரிந்தது. சீஃப் கோபத்தில் இருந்தார். "மண்ணீரல் எடுத்த ஆளு காய்ச்சலோட ஒரு நாள் முழுக்க வேலை பார்த்திருக்கார். நான் சொல்லச் சொன்னேனே, யாருமே சொல்லலையா?" என்றார். ஹவுஸ் சர்ஜன் மாறிப் போயிருந்தார். பழைய கேஸ் ஷீட்டில் டிக் மட்டும் இருந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. உண்மையைச் சொன்னேன் என்பதற்காக யாரும் என்னைப் பெருமையாக நினைக்கவேண்டாம்; கட்டிலில் அந்த விரல்களைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"என்கிட்டத்தான் சார் சொன்னீங்க. நான் சொல்லல. இவர் எங்க மாமன் சார். என் அம்மாவோட கூடப் பொறந்தவர். மில்லு எங்களுது இல்ல."

தோழி என்னைப் பார்த்தாள். சீஃப் கேஸ் ஷீட்டை மூடினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த கட்டிலுக்கு நடந்தார், எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். மாமனுக்கு அப்போது நினைவில்லை. நான் அவரை என் மாமன் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னதை அவர் கேட்கவேயில்லை.

உயிர் பிழைத்தார். மூன்று வாரம் கிடந்து பிழைத்தார். வலதுகையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மோதிரவிரலும் நுனி கறுத்து உலர்ந்துபோனதால், முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் தப்பியது. தேய்த்துப் பார்க்க எதிரில் விரல் நுனிகள்தான் இல்லை.

கோர்ஸ் முடிகிற வருடம் அந்த மில்லுக்கு இரண்டாவது முறையாகப் போனேன். பல்ப் தொட்டிக்கு அருகே வேறு யாரோ கிண்ணத்தோடு நின்றிருந்தார். மாமன் கொட்டகையில், பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து, இடதுகையால் பரீட்சைப் பேப்பர்களிலிருந்து பின்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க டாக்டரம்மா, உக்காருங்க" என்று தன் முக்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்திலிருந்த பெண்கள் இடம் விட்டு நகர்ந்தார்கள்.

நான் உட்காரவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். "மாமா, காய்ச்சல் வந்தா ஒடனே வரணும்னு உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னைத்தான் விட்டாங்க. நான் சொல்லல. எல்லாரு முன்னாலயும் உங்களைத் தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன், அதுக்கப்பறம் உங்க மூஞ்சியப் பாத்துப் பேச முடியல. நான் சொல்லியிருந்தா உங்க கை போயிருக்காது."

மாமன் ஒரு பரீட்சைப் பேப்பரை எடுத்துப் பின்னைத் தேடினார். இடதுகைக்கு அது அகப்படவில்லை. பேப்பரை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க டாக்டரம்மா. நீங்க சொல்லியிருந்தாலும் நான் அன்னைக்கு வேலைக்குத்தானுங்க போயிருப்பேன். நம்ம புத்தி அப்படி."

காலண்டரில் நாள் தவறாமல் கோடு அடித்தவர். பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கிறது என்று ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்காதவர். நான் சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வார்டில் செய்ததையே இங்கேயும் செய்கிறார், எனக்காக இன்னொரு பொய்.

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நான் அதை நம்பிவிட்டதைப் போலத் தலையை ஆட்டினேன்.